வைத்தியச்சிக்கு மூணு ஆட்-ஆன்

பூவனலிங்கம் அப்படிச் சொல்லுவான்னு நான் நினைக்கவே இல்ல. நான் தண்ணி குடிக்கப் போயிட்டேன்னு நினைச்சுக்கிட்டு எங்க வீட்டுக்காரவகிட்ட சொல்லுதான், "அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதிய. மயினியை மாத்திருவோம். சிவகாசியில ஒரு பய நல்லா வைத்தியம் பாக்குதான்."

மயினின்னு அவன் சொன்னது என்னைத்தான். ஹெட்போன் என் கழுத்துலதான் கிடக்கு. அவன் சொன்னது ஒரு சொல் விடாம எனக்குக் கேட்டுச்சு. வந்த ஆத்திரத்துல நல்லாக் கேட்டிருப்பேன் நாலு கேள்வி. ஆனா எங்க வீட்டுக்காரவ என்ன சொல்லுதாவன்னு தெரிஞ்சாகணும்லா, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். அவிய, "அடுத்த வெள்ளி ஒரு தடவை பாப்போம்லே. அன்னைக்கும் ஆகலைன்னா உன் இஷ்டம்"னு சொல்லிட்டாவ.

உன் இஷ்டமாம். கட்டுன பொண்டாட்டியை எட்டயபுரத்துப் பய இஷ்டத்துக்கு விட்டாச்சு.

விஷயத்தைச் சொல்லிருதேன். நான் முத்துச்செல்வி. கோவில்பட்டியில ரெடிமேட் கடை வச்சிருக்கேன். புதியம்புத்தூர்ல இருந்து பிராக்கு, நைட்டி எடுத்து விக்கேன். வீட்டுக்காரவ இசக்கிதுரை, குவைத்துல கிரேன் ஓட்டுதாவ. வெள்ளிக்கிழமை அவியளுக்கு லீவு. நானும் மதியம் கடையைப் பாதி சாத்திருவேன். அந்த நேரத்துல பில்லு போடுத கம்ப்யூட்டர்ல உக்காந்து அஞ்சு பேராச் சேந்து ஒரு ஆன்லைன் விளையாட்டு விளையாடுதோம். கோட்டை, காடு, மந்திரம், அரக்கன் எல்லாம் வரும். எங்க வீட்டுக்காரவ கேடயம் தூக்கி முன்னால நிப்பாவ. எட்டயபுரத்துப் பூவனலிங்கத்துக்குப் பெங்களூர்ல ராத்திரி வேலை, அங்க இருந்து வருவான், அவன்தான் தலைவன். குவைத்துல எங்க வீட்டுக்காரவ ரூம்ல தங்கியிருக்க ரெண்டு பேரு வாள் வீசுவாவ. நான் வைத்தியச்சி. அடி வாங்குதவுக உயிரைத் திருப்பி ஏத்தி விடுதது என் வேலை.

ஒரு விளையாட்டுக்கா இந்தப் பாடுன்னு நீங்க கேக்கலாம். போன்ல பேசுனா எங்க பேச்சு பேச்சாவே இருக்காது. என்ன குழம்பு, புளிக்குழம்பு, சரி வச்சிரட்டா, அவ்வளவுதான். விளையாட்டுல வந்தா, "ஏட்டி, பின்னால வா", "நீங்க முதல்ல ஒழுங்கா நில்லுங்க", "உனக்குக் கண்ணு எங்க இருக்கு"ன்னு ஒரே சண்டை. சண்டைக்கு நடுவுல சிரிப்பு. கல்யாணம் ஆன புதுசுல கூட நாங்க இவ்வளவு பேசிக்கிட்டதில்ல. என்னை எடுத்துட்டு அந்தச் சிவகாசிப் பயலைப் போட்டா, அவிய விளையாடப் போயிருவாவ, நான் ஷட்டரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்.

பூவனலிங்கம் சொன்னதுல நியாயம் இல்லாமயும் இல்ல. குகைக்குள்ள ஒரு கருங்கல் அரக்கன் இருக்கான். அவன் நெருப்பு ஊதுததுக்கு முன்னால தரையில ஒரு சின்னச் சிவப்பு வளையம் தெரியும். தெரிஞ்ச உடனே எல்லாரும் தூணுக்குப் பின்னால ஓடிரணும். எனக்கு அந்த வளையம் தெரியுததே இல்ல. நான் அஞ்சு பேரு உயிரைப் பாப்பேனா, தரையைப் பாப்பேனா? நான் எரிஞ்சு போயிருவேன். வைத்தியச்சி செத்தா மத்தவுக எத்தனை நேரம் தாங்குவாவ? எல்லாரும் வரிசையா விழுவாவ. வாரா வாரம் இதே கதைதான்.

சரி, ஆட்-ஆன் போட்டுப் பாப்போம்னு முடிவு பண்ணுனேன். ஆட்-ஆன்னா, கம்பெனிக்காரன் குடுக்காத வசதியை வேற யாராவது எழுதி வச்சிருப்பாவ, நாம இறக்கிச் சேத்துக்கிடணும். கடையில வாங்குன நைட்டிக்கு நாமளா ஒரு பாக்கெட் வச்சுத் தச்சுக்கிடுத மாதிரி.

தேடுனா ஆயிரக்கணக்குல கிடக்கு. எனக்கு வெறி பிடிச்சுட்டு. பையை அடுக்கித் தாரது ஒண்ணு, வழி காட்டுதது ஒண்ணு, சந்தை விலை சொல்லுதது ஒண்ணு, ஜெயிச்சா கை தட்டுத குரங்கு ஒண்ணுன்னு கண்ணுல பட்டதையெல்லாம் இறக்கிட்டேன். மறுநாள் காலையில, மொட்டை போடப் போற பிள்ளைக்குப் பாவாடை சட்டை எடுக்க ஒரு குடும்பமே வந்து நிக்கி, பில்லு போடலாம்னா கம்ப்யூட்டர் அசையல. பில்லு இல்லாமயே துணியைக் கட்டிக் குடுத்து அனுப்புனேன்.

சாயங்காலம் என் நாத்தனா யோகலட்சுமி வந்தா. கம்ப்யூட்டர் படிச்சவ, வாய் கொஞ்சம் நீளம். விளையாட்டைத் திறந்து காட்டுனேன். பாத்துட்டு, "மயினி, இது என்ன ஸ்கிரீனா, எலெக்‌ஷன் சுவரா? அரக்கன் எங்க நிக்கான்?"ன்னு கேட்டா.

உண்மையாவே அரக்கனைக் காணோம். ஆட்-ஆன்களுக்கு அடியில கிடந்தான்.

யோகலட்சுமி ஒவ்வொண்ணா எடுத்து, "போன வெள்ளி இது இல்லாததுனாலயா செத்திய?"ன்னு கேட்டா. பை அடுக்குதது. இல்ல. போச்சு. சந்தை விலை. இல்ல. அதுவும் போச்சு. குரங்கு மட்டும் இருக்கட்டும்டின்னு கெஞ்சிப் பாத்தேன். "ஜெயிச்ச பொறவு குரங்கை வச்சுக்கிடலாம்"னு தூக்கிட்டா.

கடைசியில மூணுதான் மிஞ்சுச்சு. அஞ்சு பேரு உயிரையும் ஒரே இடத்துல பெரிய கட்டமாக் காட்டுதது. மத்தவுக மந்திரத்துல பறக்குத மினுமினுப்பையெல்லாம் மறைக்கது. அரக்கன் நெருப்பு ஊதுததுக்கு முன்னால சத்தம் குடுக்கது. இந்த மூணாவதுதான் எனக்கு உயிர் மாதிரி.

ஆனா அதுல வச்சிருந்த சத்தம் ஒரு ஹாரன். எங்க கடை முன்னால விடிஞ்சா அடைஞ்சா பஸ்ஸுக்காரன் அதைத்தான் அடிக்கான், அது என் காதுல ஏறுததே இல்ல. வளையம் வந்துச்சு, ஹாரன் அடிச்சுது, நான் பாட்டுக்கு வைத்தியம் பாத்துக்கிட்டே எரிஞ்சு போனேன். நமக்குப் பிடிச்ச சத்தத்தை வச்சுக்கிடலாம்னு சொன்னா யோகலட்சுமி. பல்லிச் சத்தம் வச்சா. அதைக் கேட்ட உடனே என் கை மவுஸை விட்டுட்டு மேசையைத் தட்டப் போயிட்டு. பல்லி சொன்னா தட்டாம இருக்க முடியுமா? மறுபடியும் எரிஞ்சேன்.

"அப்ப எந்தச் சத்தம் கேட்டா மயினி நீங்க உடனே எந்திரிப்பிய?"

யோசிக்கவே இல்ல. குலவைன்னேன். கோயில் கொடைத் திருவிழாவுல குலவை கேட்டா எனக்கு உக்காந்த இடத்துல இருப்புக் கொள்ளாது. அதுலயும் யோகலட்சுமி குலவை விட்டா நாலு தெருவுக்குக் கேக்கும். காளியம்மன் கோயில்ல அவதான் முதல் குலவை. உள்ள துணி மூட்டைகளுக்கு நடுவுல நின்னு ஒண்ணு விட்டா, போன்ல பிடிச்சோம். எதுத்த கடைக்காரவுக ஓடி வந்து என்ன நல்ல சேதின்னு கேட்டாவ. ஒண்ணும் இல்ல, அரக்கனுக்குன்னு சொன்னா அவியளுக்கு என்ன புரியப் போகுது.

அது அற்புதமா வேலை செஞ்சுது. வளையம் வரும், குலவை வரும், என் விரல் தானா ஓடும். எங்க வீட்டுக்காரவகிட்ட சொன்னேன், "எனக்கும் அனுப்புட்டி"ன்னாவ. அவிய ரூம்காரவுகளும் வாங்கிக்கிட்டாவ. பூவனலிங்கம், "என்ன எழவோ, அனுப்புங்க மயினி"ன்னான். அஞ்சு பேருக்கும் இப்ப ஒரே குலவை.

வெள்ளிக்கிழமை வந்துச்சு. அன்னைக்கு எங்க தெருக் காளியம்மன் கோயில் கொடை. கடைக்கு முழு லீவு, ஆளு வந்து தொந்தரவு பண்ண மாட்டாவன்னு எனக்குச் சந்தோஷம் வேற. சாயங்காலம் வாரேன்னு கோயில்ல சொல்லிட்டு, ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு உக்காந்துட்டேன். மதியக் கொடைக்கு யோகலட்சுமி போயிருக்கா. அங்கன போயி அவ என்ன செய்வான்னு என் மரமண்டைக்கு எட்டவே இல்ல.

ஆரம்பம் அருமையாப் போச்சு. குலவை வந்துச்சு, ஓடுனோம், நெருப்பு தூணுல பட்டுப் போச்சு. திரும்ப அடிச்சோம். நான் ஒருக்கா கூடச் சாகல. பூவனலிங்கமே, "மயினி, இன்னைக்கு என்ன சாப்பிட்டிய?"ன்னு கேட்டான். அரக்கன் உயிரு பாதிக்கும் கீழ இறங்கிட்டு.

அப்ப ஒரு குலவை வந்துச்சு. எல்லாரும் தூணுக்கு ஓடுனோம். நெருப்பு வரல. வெளிய வந்தோம், இன்னொரு குலவை. ஓடுனோம். நெருப்பைக் காணோம். பொறவு குலவை மேல குலவை, கூடவே மேளமும் உருமியும். எனக்கு அப்பத்தான் உறைச்சுது. அது கம்ப்யூட்டர்ல இருந்து வரல, ஷட்டருக்கு அடியில இருந்து வருது. கோயில்ல சாமி வந்தாச்சு. ஆட்-ஆன்ல இருக்கவளும் யோகலட்சுமி, அங்கன குலவை விடுதவளும் அதே யோகலட்சுமி. எது எதுன்னு எந்தச் சாமி வந்து சொல்லும்? எல்லாம் என் மைக்கு வழியா மத்த நாலு பேரு காதுலயும் விழுது.

"மயினி, மைக்கை அடைங்க"ன்னு பூவனலிங்கம் கத்துனான். "சீக்கிரம் அடைங்க, எல்லாரும் சாகப் போறோம்."

மைக்கு பொத்தான்ல கை வச்சிட்டேன்.

"அடைக்காத."

எங்க வீட்டுக்காரவ குரல். அது ஒரு மாதிரி இருந்துச்சு. கேடயத்தைத் தூக்கிக்கிட்டு நிக்க வேண்டிய ஆளு, அரக்கன் முன்னால சும்மா நிக்காவ. "நம்ம கொடையாட்டி?"ன்னு கேட்டாவ. ஆமாங்கன்னேன். "விடுதது யோகமா?" ஆமான்னேன். மூணு கொடை ஆச்சு அவிய ஊருக்கு வந்து.

எனக்கு என்ன பண்ணன்னு தெரியல. மைக்கை அடைச்சா இந்த ஆட்டத்தை ஜெயிச்சிரலாம், என் இடமும் தங்கிரும். அடைக்கலைன்னா போச்சு, சிவகாசிப் பய வந்திருவான். ஆனா அந்த மனுஷன் வாயைத் திறந்து என்கிட்ட எதையும் கேக்காத ஆளு. போன்ல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கூட, ஊரு ஞாபகமா இருக்குன்னு சொன்னதில்ல. போனாப் போகட்டும்னு கையை எடுத்துட்டேன். ஹெட்போன் வயரைப் பிடுங்கி ஸ்பீக்கர்ல விட்டுட்டு, மேசையில இருந்த மைக்கை ஷட்டருக்கு அடியில கொண்டு வச்சேன்.

அரக்கன் ஊதுனான். அஞ்சு பேரும் செத்தோம்.

ஸ்கிரீன்ல அஞ்சு பொணம் கிடக்கு. பக்கத்துல அரக்கன் உலாத்துதான். வெளிய உருமி அடிக்கி, குலவை வருது. பூவனலிங்கம் இப்ப வைவான், இப்ப வைவான்னு நான் காத்துக்கிட்டே இருந்தேன். என் வெள்ளிக்கிழமை முடிஞ்சு போச்சுன்னே நினைச்சேன்.

"மயினி." ஸ்பீக்கர்ல அவன் குரல் மெதுவா வந்துச்சு. "ஷட்டரை இன்னும் கொஞ்சம் தூக்குங்க. மேளம் சரியாக் கேக்கல."

தூக்குனேன். முழுசாவே தூக்கிட்டேன். மதியக் கொடை முடியுத வரைக்கும் அஞ்சு பொணமும் அப்படியே கிடந்து கேட்டுச்சு. சாமியாடுதது யாருன்னு ரூம்காரவுக கேட்டாவ, சொன்னேன். பூவனலிங்கம் அவன் ஊருக் கொடைக்கு லீவு கிடைக்கலைன்னு சொல்லி கம்பெனி மேனேஜரை வைதான். அவன் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்ல.

மேளம் நின்னுச்சு. ஜனம் சாப்பாட்டுப் பந்திக்குப் போச்சு. தெரு அடங்கிட்டு, மைக்கைத் திரும்ப மேசைக்கே கொண்டு வந்தேன்.

"எந்திரிங்கலே, ஒரு தடவை பாப்போம்"னாவ எங்க வீட்டுக்காரவ.

இப்ப ஒரு குலவைதான், ஆட்-ஆன் குலவை மட்டும்தான். வந்துச்சு, ஓடுனோம். வந்துச்சு, ஓடுனோம். கடைசியா அவிய உயிரு நூல்ல தொங்குது, நான் கட்டத்தை விட்டுக் கண்ணை எடுக்காம மந்திரம் மேல மந்திரமா ஏத்துதேன். குலவை வந்துச்சு, தூணுக்கு ஓடிக்கிட்டே ஏத்துனேன். நெருப்பு ஊதி முடிச்சவன் அப்படியே கல்லு கல்லா உதுந்து விழுந்தான்.

ரூம்காரவுக போட்ட கூச்சல்ல ஸ்பீக்கர் கிழிஞ்சிரும் போல இருந்துச்சு. அப்பாடின்னு நாற்காலியில சாஞ்சேன். ஆனாலும் மனசுல உறுத்துனதைக் கேக்காம விட முடியல.

"பூவனம், அந்தச் சிவகாசி வைத்தியனுக்கு என்ன பதில் சொல்லப் போற?"

"கேட்டுட்டியளா மயினி?"

"கேட்டேன்."

"அவன் வேண்டாம் மயினி. மன்னிச்சுக்கிடுங்க. அடுத்த வெள்ளி ரெண்டாவது குகைக்குப் போறோம், நீங்க இல்லாம போக மாட்டோம்."

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துட்டு. வாரம் முழுக்க நெஞ்சுல கல்லு மாதிரி கிடந்தது இறங்கிட்டு. கண்ணைத் துடைச்சேன், மூக்கை உறிஞ்சுனேன். மைக்கு திறந்து கிடக்கது மறந்து போச்சு.

மத்தவுக போன பொறவும் எங்க வீட்டுக்காரவ போகல. "என்னட்டி, மூக்கை உறிஞ்சுத?"ன்னு கேட்டாவ.

"கோயில் சாம்பிராணிப் புகை, ஷட்டர் திறந்து கிடக்குல்லா."

"ஆமா"ன்னாவ. அவியளும் ஒருக்கா மூக்கை உறிஞ்சிக்கிட்டாவ. "இங்கனயும் அடிக்கத்தான் செய்யுது."