மேஸ்திரி இறங்காத தெரு

தெருவுக்கு வண்ணம் அடித்த வாரத்தில் நான் இரண்டு முறை பக்கத்து வீட்டுக்குள் போய்விட்டேன். இரண்டாம் முறை செருப்பைக்கூடக் கழற்றிவிட்டேன். அந்த வீட்டுத் தையல்காரம்மா மிஷினை நிறுத்தாமலே சொன்னார்.

"உங்க வீடு அடுத்தது தம்பி. மரக்கதவு இருக்கு பாருங்க, அதுதான்."

நகர்மன்றத்தின் குடியிருப்பு மேம்பாட்டுத் திட்டம். தெரு முழுக்க ஒரே வெளிர்சாம்பல் சுவர், ஒரே அளவு ஜன்னல், ஒரே இரும்புக் கதவு. கூரைகள் ஒழுகுவது நின்றது. சாக்கடைக்கு மூடி வந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. சாயங்கால வெளிச்சத்தில் வீடுகள் தரையைத் தொடாமல் மிதப்பது போலிருக்கும். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன். இந்தக் கண்ணாடி தெளிவா, அந்தக் கண்ணாடி தெளிவா என்று மாற்றி மாற்றிக் கேட்பேன். ரெண்டும் ஒண்ணுதான் சார் என்பவர்கள் உண்டு. எங்கள் தெரு இப்போது அப்படி.

என் வீட்டில் மட்டும் பழைய மரக்கதவு. நாளைக்கு, நாளைக்கு என்று ஒப்பந்தக்காரரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கதவின் விளிம்பில், இடுப்பு உயரத்தில், கறுத்துப்போன ஒரு இடம் உண்டு. என் மனைவி கை துடைக்கத் துணி தேடமாட்டாள். போகிற போக்கில் கதவில் துடைப்பாள். ஏன் என்று கேட்டால், "கதவும் நம்ம வீட்ல இருக்கிறதுதானே, அதுக்கும் கொஞ்சம் ருசி தெரியட்டும்" என்பாள். போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. நான் அழவில்லை. திடமான ஆள் என்றார்கள். திடம் இல்லை. ஒன்றும் இல்லை.

அந்தக் கறுத்த இடத்தை மேஸ்திரி நக்கும். மேஸ்திரி என்பது நாய். மண் நிறம், ஒரு காது மடிந்தது. தெருவில் யார் எதை வெட்டினாலும் தோண்டினாலும் எதிரே போய் உட்கார்ந்து வேலை முடியும்வரை பார்க்கும். பெயர் வைத்தவள் அவள்தான். மாலையானால் கதவின் முன் வந்து படுக்கும். காலடிச் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கும். நான் என்று தெரிந்ததும் தலையைத் திரும்ப வைத்துக்கொள்ளும்.

அவளுக்காக இன்னும் காத்திருந்தது அது ஒன்றுதான்.

விலங்குக் கட்டுப்பாட்டுப் பிரிவின் வண்டி வந்து அதைக் கருத்தடைக்குப் பிடித்துக்கொண்டு போனது. பிடித்த தெருவிலேயே கொண்டுவந்து விட வேண்டும் என்பது விதி. விடவும் வந்தார்கள். சிமெண்ட் காயாததால் வண்டி தெருமுனையிலேயே நின்றது. கூண்டைத் திறந்தார்கள். மேஸ்திரி மூக்கை நீட்டியது. வண்ண வாசம். பின்வாங்கிப் படுத்துவிட்டது. நான் கூப்பிட்டேன். என் குரலுக்கு அது எப்போது வந்திருக்கிறது? மறுநாளும் கொண்டுவந்தார்கள். அன்றும் இறங்கவில்லை.

"இறங்காத நாய் அந்தத் தெரு நாய் இல்ல சார். ரூல்ஸ் அப்படி. ஊருக்கு வெளிய காப்பகத்துக்குத்தான் போகணும்" என்றார் ஓட்டுநர். "எதுக்கும் மன்றத்துல சொல்லிப் பாருங்க. இதைப் பத்தித்தான் பேசப் போறாங்களாம்."

காப்பகத்திலிருந்து எந்த நாயும் திரும்புவதில்லை.

எங்கள் பகுதி உறுப்பினர் என் மாமியார். மன்ற வாசலில் என்னைப் பார்த்ததும் நின்றார்.

"மாப்பிள்ளை, சாப்பிட்டீங்களா?"

"ம்."

"உங்க ம்முக்கு எனக்கு அர்த்தம் தெரியும்." பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்துக் கையில் திணித்தார். "உள்ள போனா நான் அத்தை இல்ல, உறுப்பினர். நீங்க மாப்பிள்ளை இல்ல, வீட்டுக்காரர். அங்க வந்து அத்தைன்னு கூப்பிட்டு வைக்காதீங்க."

உயரமான கூடம். மின்விசிறிகள் நிதானமாகச் சுற்றின. மேல் ஜன்னல்களின் வெளிச்சம் சுவரில் தண்ணீர் போல் அசைந்தது. உத்தரத்தில் புறாக்கள். பேச்சு எங்கோ தூரத்தில் நடப்பது போலக் காதில் விழுந்தது.

கணீர் என்று எல்லோரும் கூப்பிடும் உறுப்பினர் எழுந்தார். அவருக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. "நாய் இறங்கலைன்னா நாம என்ன பண்றது? கையப் பிடிச்சு இறக்கி விடணுமா?"

"பிடிச்சுப் பாருங்களேன்" என்றது ஒரு குரல்.

"கடிச்சா?"

"உங்களையா? நாய்க்கும் மானம் ரோஷம் இருக்கும் அண்ணே."

சிரிப்பு. ஒரு புறா கணீரின் காகிதத்தின் மேல் எச்சமிட்டது. "முதல்ல இங்கேருந்து விலங்குக் கட்டுப்பாட்ட ஆரம்பிங்க தலைவரே" என்று அவர் துடைத்துக்கொண்டார்.

பேச்சு வீடுகளுக்குத் தாவியது. பின்வரிசையில் ஓர் இளம் பெண் உறுப்பினர் கொதித்தார். "முன்வாசலுக்கு இரும்புக் கதவு. பின்வாசலுக்குச் சாக்குப் படுதா. திருடன் முன்வாசல்ல வந்து மணியடிச்சு அனுமதி கேப்பானா?"

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் போட்டுக்கொடுத்தது. "திட்டம் முகப்புக்கு மட்டும்தாம்மா. பின்பக்கம் அவங்கவங்க பாடு."

பிறகு ஒப்பந்தக்காரரின் புகார் வந்தது. ஒரு கதவு பாக்கி. என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள்.

"அந்தக் கதவு இருந்தா நாய் இறங்கும்" என்றேன்.

"எப்படிச் சொல்றீங்க?"

"தெரு முழுக்க இப்ப ஒரே வாசம். அந்தக் கதவுக்கு மட்டும்தான் பழைய வாசம். அது தெருமுனை வரைக்கும் எட்டல."

கணீர் விடவில்லை. "ஊருக்கெல்லாம் இரும்பு, உறுப்பினர் மாப்பிள்ளைக்கு மட்டும் தேக்கா?"

"தேக்கு இல்லைங்க. என்ன மரம்னு எனக்கே தெரியாது."

சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாமியார் எழுந்தார். எனக்காகப் பேசப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஒரு வீட்டுக்கு ஒரு சட்டம் கிடையாது" என்றார். "கதவ மாத்தணும். இன்னைக்கே மாத்தட்டும். ஆனா நாய இன்னொரு தடவ கொண்டு வரணும். தெருமுனைல இல்ல, தெருவுக்குள்ள. சிமெண்ட் காஞ்சிருச்சு. இன்னைக்குச் சாயங்காலமே. அப்பவும் இறங்கலைன்னா உங்க ரூல்ஸ்படி செய்ங்க."

என் பக்கம் திரும்பவே இல்லை. கைகள் உயர்ந்தன. குளத்தின் அடியில் செடிகள் எழுந்து அசைவது போலிருந்தது. அவர் கையும் அதில் ஒன்று. கதவு போன பிறகு கூண்டைத் திறந்து என்ன பயன் என்று கேட்க நினைத்தேன். வாழைப்பழம் என் கையில் கனிந்து நசுங்கியிருந்தது.

நான் வீடு போய்ச் சேர்ந்தபோது இரும்புக் கதவை மாட்டி முடித்திருந்தார்கள். மரக்கதவு எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றது. எந்த வீட்டுக்கும் இல்லாமல், தன் பாட்டுக்கு. பின்னாலேயே மாமியாரும் வந்து சேர்ந்தார்.

வண்டி தெருவுக்குள் மெல்ல வந்தது. கூண்டு திறந்தது. மேஸ்திரி இரும்புக் கதவைப் பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. தையல்காரம்மா ஜன்னலில் நின்று பார்த்தார். மிஷின் சத்தம் நின்றிருந்தது.

"அவ்வளவுதான் சார்" என்றார் ஓட்டுநர்.

ஒப்பந்தக்காரரின் ஆட்கள் மரக்கதவைக் கொண்டுபோகத் தூக்கினார்கள். வெயிலில் காய்ந்த மரம். தூக்கித் திருப்பியதும் அதன் வாசம் எனக்கே வந்தது. எண்ணெய், சோப்பு, பழைய ஈரம், இன்னும் ஏதோ. மேஸ்திரியின் மடியாத காது நிமிர்ந்தது. எழுந்தது. படியில் கால் வைத்து, தண்ணீரில் இறங்குவது போல இறங்கியது. நேராகப் போய்க் கறுத்த இடத்தை ஒருமுறை நக்கியது. தூக்கியவர்கள் பயந்துபோய்க் கதவைக் கீழே வைத்தார்கள். அது கதவின் முன்னால் படுத்துக்கொண்டது.

"உங்க தெரு நாய்தான்" என்று சொல்லி ஓட்டுநர் கூண்டை மூடினார்.

ஒப்பந்தக்காரர் தலையைச் சொறிந்தார். "நாய எழுப்புங்க சார், கதவ ஏத்தணும்."

"அந்தக் கதவு யாருக்குச் சொந்தம்?" என்றார் மாமியார்.

"வீட்டுக்காரருக்குத்தான். வேணாம்னா நாங்க எடுத்துக்குவோம்."

மாமியார் இப்போதுதான் என்னைப் பார்த்தார். "மாத்தணும்னுதான் சொன்னேன் மாப்பிள்ளை. எடுத்துட்டுப் போகணும்னு நான் சொல்லல."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"வேணும்" என்றேன். "பின்வாசலுக்கு."

சந்து வழியாகத் தூக்கிக்கொண்டு போனோம். ஒரு முனையில் நான், மறுமுனையில் மாமியார். ஆட்கள் வாங்க வந்தும் அவர் கொடுக்கவில்லை. பின்னால் மேஸ்திரி. வெளிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒரு கதவு தனியாக நடந்துபோவது போல இருந்திருக்கும்.

பின்வாசலுக்குக் கதவு ஒரு விரல் அகலம் கூடுதலாக இருந்தது. "எந்தப் பக்கம் இழைக்கட்டும்?" என்று இழைப்புளியை எடுத்தார் ஒப்பந்தக்காரரோடு வந்திருந்த தச்சர். கறுத்த இடத்தைக் காட்டி, "இந்தப் பக்கம் வேண்டாம்" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. மரச்சுருள்கள் விழ ஆரம்பித்தன. மேஸ்திரி எதிரே போய் நிமிர்ந்து உட்கார்ந்து, கடைசித் திருகு இறங்கும்வரை வேலையை மேற்பார்வை பார்த்தது.

எல்லோரும் போன பிறகு மாமியார் குழாயடியில் கை கழுவினார். நான் துண்டு எடுக்க உள்ளே போனேன். திரும்பியபோது அவர் போகிற போக்கில் ஈரக்கையைக் கதவின் விளிம்பில் துடைத்துக்கொண்டிருந்தார். முன்பக்கம், பின்பக்கம், முன்பக்கம். அவள் துடைப்பது போலவே. அவள் இதை எங்கே கற்றாள் என்று நான் யோசித்ததே இல்லை.

துண்டோடு நின்றேன்.

மேஸ்திரி எழுந்து வந்து அந்த ஈரத்தை முகர்ந்தது. வால் ஒருமுறை அசைந்தது. பிறகு வாசல் குறுக்கே படுத்தது.

"என்ன அப்படிப் பாக்கறீங்க?" என்றார். "சாப்பிட்டீங்களா?"

"இல்ல அத்தை" என்றேன். "பசிக்குது."