அறுந்தது அறுந்தபடி

இரண்டு ஆட்கள் சங்கிலியைத் தூக்கிவந்து பட்டறை வாசலில் போட்டபோது அவள் ஒரு கேட்டின் கீலைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு முகமூடியைத் தூக்கிப் பார்த்தாள். துருவேறி, மண் அப்பி, மலைப்பாம்பு மாதிரி சுருண்டு கிடந்தது. நடுவில் ஒரு கண்ணி வாய் பிளந்திருந்தது. அதுவரை அவள் அதைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் எதுவென்று தெரிந்துவிட்டது.

பின்னாலேயே விடுதிக்காரர் வந்தார். மலைமேல் ஊர் உண்டாகி இருநூறு வருஷம் ஆவதைக் கொண்டாடும் குழுவுக்கு அவர்தான் தலைவர். கெட்ட மனுஷர் இல்லை. ஊரின் பழைய போட்டோக்களைத் தேடித்தேடிச் சேர்த்தவர், ஒழுகுகிற கட்டடங்களுக்காக நகராட்சியோடு மல்லுக்கு நின்றவர். நகராட்சிக் கிடங்கின் குப்பைக்குள் தானே இறங்கிச் சங்கிலியைக் கண்டெடுத்ததைச் சின்னப்பிள்ளை மாதிரி சொன்னார். மேல்தெரு முனையில் நிற்கிற இரண்டு கல்தூண்களிலும் அதைப் பழையபடி மாட்ட வேண்டும். அறுந்த கண்ணியை ஒட்டுத் தெரியாமல் சேர்த்துக் கறுப்பு அடித்தால் போதும். விழாவுக்கு வருகிற பெரிய மனிதர் அதை அவிழ்த்துவிட்டு உள்ளே நடப்பார் என்றார். அவள் வாய் திறப்பதற்குள் புருஷன் தலையாட்டிவிட்டான்.

அன்று சாயங்காலம் இருவருக்கும் முட்டிக்கொண்டது. அவன் வேறு ஊரிலிருந்து வந்து இங்கே பெண்ணெடுத்தவன். இரும்பு இரும்புதானே என்றான். அவள் சொல்ல வேண்டியிருந்தது. அம்மா காலத்தில், இருட்டினால் மேல்தெருக்காரர்கள் அந்தச் சங்கிலியைப் பூட்டிவிடுவார்கள். பகலெல்லாம் மேல்தெருவில் துணி துவைத்து, விறகு சுமந்து, தோட்டம் கொத்தியவர்கள் விளக்கு வைப்பதற்குள் தங்கள் குடிசைகள் இருந்த சரிவுக்கு இறங்கிவிட வேண்டும். டாக்டர் இருந்தது மேலே. அவளுடைய அம்மா, காய்ச்சல் கண்ட தலைச்சன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சங்கிலிக்கு இந்தப் பக்கம் நின்று கத்தியிருக்கிறாள். காவல்காரன் காலையில் வரச் சொன்னான். பிள்ளை காலைவரை தாங்கவில்லை. புதைத்த கையோடு, சரிவு மொத்தமும் கல்லுடைக்கிற சம்மட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஏறியது. முதல் அடி அம்மாவுடையது.

"அது தானா அறுந்த சங்கிலி இல்ல, அடிச்சு அறுத்தது," என்றாள். "எங்கம்மா அறுத்ததை நான் ஒட்டணுமா?"

ஒப்புக்கொண்ட வேலையைக் கெடுத்தால் இனி எவன் நம்மிடம் வருவான் என்று முணுமுணுத்துவிட்டு அவன் எழுந்து போனான்.

அவள் துருவைச் சுரண்டினாள், எண்ணெய் போட்டாள், கறுப்பு அடித்தாள். வாய் பிளந்த கண்ணியை மட்டும் தொடவில்லை. விழாவன்று காலையில் சங்கிலியை அறுந்த இடத்திலேயே பிரித்து, தூணுக்கொரு துண்டாகத் தொங்கவிட்டாள்.

விடுதிக்காரர் வந்து தொங்கிய துண்டுகளைத் தொட்டுப் பார்த்தார். பழசையெல்லாம் இப்போது எதற்குக் கிளற வேண்டும் என்று கெஞ்சுகிற மாதிரி கேட்டார்.

"கிடங்குல இறங்கிக் கிளறினது நீங்கதான் சார்."

"வரலாறுன்னா இருந்தது இருந்தபடி வைக்கணும்மா."

"அப்படித்தான் வெச்சிருக்கேன். கடைசியா இது இருந்தது இப்படித்தான்."

அவர் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். மதியத்துக்குள் அடிவாரத்திலிருந்து வேறொரு வெல்டர் மிஷினோடு வந்து இறங்கினான். தூண்களுக்குப் பக்கத்தில் வெல்டிங்குக்குத் தாங்குகிற கரண்ட் இருந்த ஒரே இடம் அவர்கள் பட்டறைதான். பிளக்கைக் கையில் பிடித்தபடி, ஒரு லைன் கொடுங்கக்கா, சின்ன வேலைதான் என்று தணிவாகத்தான் கேட்டான். அவள் சுவிட்ச் போர்டை மறைத்துக்கொண்டு நின்றாள். விடுதிக்காரர் அவளை விட்டுவிட்டுப் புருஷனைப் பார்த்தார், நீயாவது சொல்லக்கூடாதா என்பதுபோல.

அவன் எழுந்து வந்தான். தன்னை ஒதுக்கிவிடப்போகிறான் என்று நினைத்து அவள் காலை அழுத்தி ஊன்றினாள். அவன் அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். மின்விசிறி சுற்றி ஓய்ந்தது.

"கரண்ட் இல்ல சார்," என்றான்.

அடிவாரத்து வெல்டர் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு ஒயரை முழங்கையில் சுற்ற ஆரம்பித்தான்.

கீழே எங்கோ வளைவில் கார்களின் ஹாரன் கேட்டது. அதற்கு முன்பே சரிவுக்காரர்கள் விழா பார்க்க வெளுத்த துணிகளில் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். தூண்களுக்கு நடுவே வந்ததும் ஒரு பெண் நின்று, தொங்கிய சங்கிலியை விரலால் தள்ளிவிட்டாள். அது ஆடிப்போய்க் கல்லில் இடித்தது. பின்னால் வந்தவர்களும் ஆளுக்கொரு தள்ளு தள்ளிவிட்டு, தெருவை அடைத்துக்கொண்டு மேலே நடந்தார்கள்.