அத்தானின் ரீஸ்டார்ட்

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஒரு கொள்கை உண்டு. வீட்டில் இருக்கிற ஒரே லேப்டாப்பை மூடி வைப்பார், ஒருநாளும் அணைக்க மாட்டார். முக்கியமான வேலை என்று வந்தால் மட்டும், "ஃப்ரெஷ்ஷா இருக்கட்டும்" என்று ரீஸ்டார்ட் கொடுப்பார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். அது ஹேங் ஆகி அப்படியே நிற்கும். சாயங்காலம் அவர் கட்டிலுக்குத் தூக்கிக்கொண்டு போனதும் எழுந்துகொள்ளும். "பாத்தியா, என் கை பட்டதும்!" என்பார்.

அக்கா கட்டட வரைபடம் போடுகிறவள். குழந்தை பிறந்ததும் விட்ட வேலையை எட்டு வருடம் கழித்துத் தேடுகிறாள். நேர்காணலில் லேப்டாப்பில் வரைந்து காட்ட வேண்டும், போனில் நடக்காது. ஏற்கெனவே இரண்டு நேர்காணல் இந்த ரீஸ்டார்ட்டால் போயின. இது மூன்றாவது.

ஒன்பதரைக்கு அக்கா போன் செய்தாள். "மறுபடியும் சுத்திக்கிட்டே இருக்குடி. கொஞ்சம் வா."

நான் ஒரு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவள். இரண்டு தெரு தள்ளித்தான் அக்கா வீடு. அரக்கப்பரக்க ஓடினேன். "பத்து மணிக்கு இன்டர்வியூ, இப்பதான் வர்றியா?" என்று அத்தான் வாசலிலேயே என்னைக் குற்றவாளியாக்கினார்.

அக்கா உள்ளே தயாராகிக்கொண்டிருந்தாள். ஓரத்து அறை மேசையில் லேப்டாப். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நேரமா?"

"அரை மணி நேரமா. அப்டேட்டா இருக்கும், தொடக்கூடாது."

பவர் பட்டனை அழுத்திப் பிடித்தேன். "ஐயையோ, உள்ள இருக்கிறதெல்லாம் போயிடும்!" என்று குதித்தார். அணைத்துத் திரும்பப் போட்டேன். கம்பெனிச் சின்னம் வந்து, அங்கேயே நின்றது.

"வேற ஏதாவது சொருகியிருக்கா, அத்தான்?"

"ஒண்ணுமே இல்ல."

நானும் நம்பித் தொலைத்தேன். தினமும் டாக்டர்களிடம் இதே கேள்வியைக் கேட்டு இதே பொய்யை வாங்குகிறவள், வீட்டு மனுஷர் என்றதும் புத்தி மழுங்கிவிட்டது. என்னென்னவோ பட்டனை அழுத்திப் பார்த்தேன். மணி பத்தைத் தாண்டியது.

அத்தான் பெருமூச்சு விட்டார். "சரி விடு. இந்தத் தடவையும் கொடுத்து வைக்கல. வீட்டைப் பாத்துக்கிட்டு நிம்மதியா இருக்கட்டும்." அந்த முகத்தில் வருத்தம் இருந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லேப்டாப்பைத் தூக்கினேன். பின்னாலிருந்து ஒரு கறுப்பு ஒயர் இறங்கி, பழைய நாளிதழ் அடுக்குக்குள் போனது. இழுத்தேன். ஒரு கிழட்டு ஹார்ட் டிஸ்க் டக் டக் என்று முனகிக்கொண்டே வெளியே வந்தது.

"இது என்ன அத்தான்?"

"அதுவா? ஆபீஸ் விழாவுல நான் பேசினதெல்லாம் அதுலதான் இருக்கு. கட்டிலுக்குப் போகும்போது ஒயரைக் கழட்டிடுவேன், அது எப்பவுமே அங்கதான் இருக்கும். அதையெல்லாம் சொருகினதுன்னு யாராவது சொல்வாங்களா?"

செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க். லேப்டாப் எழும்போதெல்லாம் அதன் பதிலுக்காகக் காத்து நிற்கிறது, அதுவோ வாயைத் திறப்பதில்லை. பிடுங்கிவிட்டுத் திரும்பப் போட்டேன். அரை நிமிடத்தில் பாஸ்வேர்டு கேட்டது. அப்போது மணி பத்து இருபது.

"இப்ப வந்து என்ன புண்ணியம்?" என்று கத்தினேன். "நீங்க மேடையில பேசினதைக் காப்பாத்த அவ பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே!" ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

சத்தம் கேட்டு அக்கா வந்தாள். தலை வாரி, இஸ்திரி போட்ட உடுப்பு உடுத்தியிருந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நிதானமாகப் பாஸ்வேர்டைத் தட்டினாள்.

"எதுக்குடி அழுற? இன்டர்வியூ பதினோரு மணிக்குத்தானே."

அத்தான் திருதிருவென்று விழித்தார். "பத்துன்னு சொன்னியே?"

"உங்களுக்குப் பத்து," என்றாள் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எனக்குப் பதினொண்ணு. ரெண்டு தடவை பட்டாச்சு, போதும். கதவைச் சாத்திட்டுப் போங்க."