வெர்பினா சாமிக்கு ஒரு தேங்காய்

விஜயரத்தினம் சேர்பியாவுக்குப் போகப்போகிறார் என்று தெரிந்ததும், லண்டன் ஃபாரஸ்ட் கேட் பெற்றோல் ஸ்ரேசனில் அவரோடு வேலை செய்தவர்கள் அங்கே என்ன மலிவு என்று விசாரித்தார்கள். நேர்த்திக்கடன் ஒன்று இருக்கிறது என்றார் அவர். அதோடு விசாரணை முடிந்தது. எங்கள் ஆட்கள் எதை வேண்டுமானாலும் துருவிக் கேட்பார்கள், நேர்த்தியை மட்டும் கேட்கமாட்டார்கள்.

நேர்த்தி வைத்தது அவர் அல்ல, மனைவி சிவமலர். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மாரியில் ஆள் கடத்தும் ஏஜென்ட் இவர்களை ஒரு வானில் அடைத்து சேர்பியா வழியாக ஹங்கேரி எல்லைக்குக் கொண்டுபோனபோது, விடியப்புறம் ஒரு சின்ன ஊரில் வான் நின்றது. வெளியே ஒரே மூடுபனி. சாரதி யாருடனோ பேசப் போய்விட்டான். சிவமலர் கண்ணாடியைத் துடைத்து வெளியே பார்த்தாள். பனிக்குள் ஒருவர் நின்றார். தலையில் பொன்னாக ஒன்று மின்னியது. ஒரு கை, பயப்படாதே என்று சொல்கிற மாதிரி, உயர்ந்திருந்தது. காலடியில் பாம்பு சுருண்டு கிடந்தது. இது போதாதா? சாமி, எங்கள் இரண்டு பேரையும் எல்லை கடத்திவிடு, திரும்பி வந்து தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்துகிறேன் என்று அவள் அந்த இடத்திலேயே நேர்ந்துகொண்டாள். விஜயரத்தினம் சாமியைக் காணவில்லை. அவர் முழங்காலுக்குள் தலையை வைத்துச் சத்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

எல்லையைக் கடந்தார்கள். லண்டனுக்கும் வந்தார்கள். பிறகு விசா, வேலை, வீடு என்று வருஷங்கள் ஓடின. சாமி எங்கே ஓடிவிடப்போகிறது என்று இருந்துவிட்டார்கள்.

இரண்டாயிரத்து ஒன்பதில் சிவமலரின் தம்பி பவித்திரன் வன்னியில் போருக்குள் அகப்பட்டிருந்தான். தை மாதம் புதுக்குடியிருப்பிலிருந்து ஒருமுறை ஃபோன் எடுத்தான். "அக்கா, குரலைக் கேக்கத்தான் எடுத்தனான்" என்றான். லைன் அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. சிவமலர் ஃபோனை விட்டு அசைவதில்லை. குளிக்கும்போதுகூட அது குளியலறை வாசலில் ஒரு ஸ்டூலில் இருக்கும். லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால், போரை நிறுத்தச் சொல்லி, எங்கள் சனம் இரவு பகலாக நின்று கத்திக்கொண்டிருந்தது. அவளும் போனாள், இடையில் ஃபோன் வந்துவிடுமோ என்று பாதியில் திரும்பி ஓடி வந்தாள். அப்படி ஓடி வந்த ஒருநாள்தான் அவளுக்கு நேர்த்தி ஞாபகம் வந்தது.

"முதல் கேட்டதுக்கே நாங்கள் சாமிக்கு ஒண்டும் செய்யேல்லை. எந்த முகத்தோட நான் தம்பிக்காகக் கேக்கிறது?" என்றாள்.

"அப்ப சேர்பியாவுக்குப் போட்டு வாரும்."

"நான் போனால் ஃபோனை ஆர் எடுக்கிறது? நீங்கள் போட்டு வாங்கோ."

"ஊரும் தெரியாது, சாமின்ர பேரும் தெரியாது. எங்கயெண்டு போறது?"

"ஏஜென்ட்டைக் கேளுங்கோ."

ஏஜென்ட் இப்போது ஈஸ்ட் ஹாமில் சேலைக் கடை வைத்திருந்தார், கோயில் நிர்வாகசபையிலும் இருந்தார். பழைய தொழிலைப் பற்றிக் கேட்டால் முகம் கோணுவாரோ என்று விஜயரத்தினம் பயந்தார். அவரோ சேலையை மடித்தபடியே சொன்னார்: "அது வெர்பினா, அண்ணை. நல்ல அமைதியான இடம். வெயில் காலத்தில போயிருந்தா இன்னும் வடிவா இருந்திருக்கும்." ஏதோ இவர்களைச் சுற்றுலாவுக்கு அனுப்பிவைத்தவர் மாதிரி இருந்தது பேச்சு.

பெல்கிரேட் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து தேங்காயை எடுத்தார். உரித்து, குடுமி விட்டு, மஞ்சள் பூசிய தேங்காய். காதோரம் வைத்துக் குலுக்கினார். குடுமியைப் பிடித்துத் தூக்கினார். இது எதற்கு என்று கேட்டார். வெர்பினாவில் ஒருவருக்கு என்றார் விஜயரத்தினம். வெர்பினாவில் தேங்காய் எதிர்பார்க்கிற ஆள் யார் என்று அதிகாரி கொஞ்சம் யோசித்தார். பிடிபடவில்லை. பெட்டியை மூடிப் போகவிட்டார்.

பஸ் வடக்கே போனது. இரண்டு பக்கமும் உழுது போட்ட கறுப்பு மண். இப்படியொரு மண்ணில்தான் அன்று வயிற்றால் ஊர்ந்தார்கள். இன்றைக்கு அதன் நடுவே பிரித்தானியப் பாஸ்போர்ட்டும் தேங்காயுமாக ஜன்னலோரம் உட்கார்ந்து போவது அவருக்குச் சந்தோஷமாக இல்லை. பவித்திரன் இப்போது எந்த மண்ணில் கிடக்கிறானோ என்றுதான் இருந்தது.

வெர்பினாவில் ஒரு சதுக்கம், ஒரு பேக்கரி, எல்லைக்கு வழிகாட்டும் ஒரு பலகை. சதுக்கத்தின் நடுவில், சிவமலர் சொன்ன அதே இடத்தில் சாமி நின்றது. வெயில் நன்றாக எறித்ததால் ஒளிக்க இடமில்லை. தலையில் இருந்தது பித்தளைத் தொப்பி. ஒரு கை உயர்ந்திருந்தது, மற்றக் கையில் கோடரி. காலடியில் சுருண்டு கிடந்தது பாம்பல்ல. இத்தனை வருஷம் பெற்றோல் ஸ்ரேசனில் நின்ற மனிதருக்குக் குழாயைக் கண்டால் குழாய் என்று தெரியும். சிலைக்குப் பின்னால் சிவப்புக் கதவு போட்ட கட்டடம் ஒன்று, அதற்குள் ஒரு தீயணைப்பு வண்டி.

விஜயரத்தினம் வாங்கில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தார். அவருக்குச் சாமிகளோடு பெரிய பழக்கமும் இல்லை, பகையும் இல்லை. திரும்பிப் போய்விடலாம்தான். ஆனால் அவள் கேட்டது இந்த ஆளிடம். கேட்டபடி எல்லை கடந்ததும் உண்மை. வேறு சாமிக்குப் போய் உடைத்தால் அது இவருக்குச் சேருமா?

எழுந்துபோய்ப் பீடத்தின் விளிம்பில் தேங்காயை ஓங்கி அடித்தார். நேர்பாதியாகப் பிளந்தது. மனதுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. கண்ணை மூடி, பவித்திரன், சிவமலரின் தம்பி, வன்னியில் மாத்தளன் பக்கம் இருக்கக்கூடும் என்று விலாசம் சொல்கிற மாதிரிச் சொன்னார். வேறு எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு மூடிகளுக்கு நடுவே கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார். சுவாலை நன்றாக எழுந்தது, கறுப்பாகப் புகையும் எழுந்தது.

சிவப்புக் கதவு படாரென்று திறந்தது. இரண்டு பேர் வாளியோடு ஓடி வந்தார்கள். ஒரு வாளித் தண்ணீர் கற்பூரத்திலும் தேங்காயிலும் விஜயரத்தினத்தின் சப்பாத்திலும் விழுந்தது.

அவர் இரண்டடி பின்வாங்கினார். ஓடி வந்தவர்களுக்குப் பயந்தல்ல. கற்பூரம் தானாக எரிந்து முடியவேண்டும், இடையில் அணைந்தால் கூடாது. சாமியே ஆள் அனுப்பி அணைத்தால் அதற்கு என்ன பலன் என்று அவர் கேள்விப்பட்டதில்லை.

பேக்கரியிலிருந்து ஆங்கிலம் தெரிந்த ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார்கள். சிலையில் இருப்பவர் ஸ்தேவான் என்றும், இந்த ஊரின் தீயணைப்புப் படையைத் தொடங்கியவர் என்றும் அவள் சொன்னாள். என் மனைவியை அவர் எல்லை கடத்திவிட்டார், அதற்கு நன்றி சொல்ல வந்தேன் என்றார் விஜயரத்தினம். அவள் அதை மொழிபெயர்த்தாள். படையினர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஸ்தேவான் செத்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். பிறகு எல்லோருமாக அவரை உள்ளே கூட்டிக்கொண்டுபோய்ப் பிளம்ஸ் சாராயம் கொடுத்தார்கள், தேங்காய்ச் சொட்டைக் கீறித் தின்றார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள். போகும்போது சிலையின் படம் அச்சடித்த அட்டை ஒன்றையும் தந்தார்கள்.

திரும்பும் விமானத்தில் வழி முழுக்க அவர் பொய்யைப் பழகிக்கொண்டு வந்தார். பெரிய கோயில், வடிவான சாமி, கற்பூரம் கடைசிவரை எரிந்தது. நல்ல பொய்தான், ஓட்டை இல்லை.

வீட்டில் சிவமலர் அதே கதிரையில், ஃபோனுக்குப் பக்கத்தில் இருந்தாள். கேட்கவேண்டிய அவசியமே இல்லை. ஃபோன் வரவில்லை.

"எல்லாம் வடிவாச் செய்தனீங்களோ?"

"தேங்காய் நேரா உடைஞ்சது."

"கற்பூரம்?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பழகிய பொய் வாயில் வரவில்லை. தொப்பி, கோடரி, குழாய், வாளி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு, அவள் இனித் தாங்கமாட்டாள் என்று பயந்துபோய் நின்றார். அவள் அழவில்லை. அட்டையை வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அணைச்சுப்போட்டினமோ?"

"ஓம். நான் என்ன செய்யிறது, மலர்."

"உடனயோ?"

"உடனதான். கொளுத்தின கையோட ஓடி வந்திட்டினம்."

"ஆர் கூப்பிட்டது?"

"ஒருத்தரும் கூப்பிடேல்லை. புகையைக் கண்டிட்டு வந்தவை."

சிவமலர் தலையாட்டினாள்.

"இங்க அத்தனை சனம் கிழமைக்கணக்கா நிண்டு கூப்பிடுது. ஒருத்தரும் வரேல்லை," என்றாள். "நான் பிழையான ஆளிட்டக் கேக்கேல்லை."

அட்டையை ஃபோனில் சாய்த்து வைத்தாள். தை மாதத்திலிருந்து விஜயரத்தினம் மச்சானுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. வீட்டில் ஒருவராவது அழாமல் இருக்கவேண்டும் என்று வைத்திருந்தார். இப்போது ஈரம் காயாத சப்பாத்தோடு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். ஃபோன் வந்தால் கேட்கவேண்டும், கொஞ்சம் மெதுவாக அழுங்கோ என்றாள் சிவமலர்.