விலை குறைந்த மாத்திரை

பல்கலைக்கழகத்தின் மருந்துக் கொள்கை ஆய்வு மையத்தில் அவளுக்கு 'விலைப்பட்டியல்' என்று பட்டப்பெயர். ஏழை நாடுகளின் அரசு ஆஸ்பத்திரிகள் மருந்து வாங்குவதில் எங்கே ஏமாறுகின்றன என்பதைத் தவிர அவள் வாயில் வேறு பேச்சு வராது. முனைவர் பட்டம் வாங்கிய நாளிலிருந்து ஒப்பந்த வேலைதான். ஒப்பந்தம் முடிகிற மாதம் நெருங்கினால், நீட்டிப்பார்களா என்று அலுவலகத்தில் விசாரிக்கத் தொடங்கிவிடுவாள். மற்றவர்களின் அறைக்கதவில் பித்தளைத் தகட்டில் பெயர் இருந்தது, அவளுடையது ஒட்டுத்தாள்.

அவளுக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது வலிப்பு மாத்திரையைப் பற்றிய ஆய்வு. அந்தத் தலைப்பை அவள் தேடிப் போகவில்லை, அது வீட்டிலேயே இருந்தது. அக்காவுக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு. மாவட்டத்துக்கு மாவட்டம் தனித்தனியாக வாங்குவதை நிறுத்திவிட்டு, நாடு முழுவதற்கும் சேர்த்து, குறைந்த விலை சொல்லும் கம்பெனியிடம் வாங்கினால் விலை மளமளவென்று இறங்கும் என்று அவள் கணக்குப் போட்டுக் காட்டினாள். ஒரே கம்பெனியை நம்பிவிடக் கூடாது, இரண்டாவதாக ஒரு கம்பெனிக்கும் பங்கு கொடுக்க வேண்டும் என்று கடைசியில் ஒரு பத்தி எழுதியிருந்தாள். மையத்தின் இயக்குநர் அதை அடித்துவிட்டார்.

"அமைச்சகத்துல ரெண்டு பக்கத்துக்கு மேல யாரும் படிக்கமாட்டாங்கம்மா. 'ஆனால்', 'இருந்தாலும்'னு இழுத்தா, கிணத்துல போட்ட கல்லாட்டம் கிடக்கும்."

"அந்தப் பத்தி முக்கியம் சார்."

"அடுத்த கட்டுரையில போட்டுக்கலாம்."

ஒப்பந்தம் முடிகிற மாதம் அது. அந்தப் பத்தி இல்லாத பிரதியிலேயே அவள் கையெழுத்துப் போட்டாள்.

அரசாங்கம் பரிந்துரையை அப்படியே ஏற்றது. விலை இறங்கியது. கருத்தரங்குகளுக்கு அழைப்பு வந்தது. வீட்டிலேயே தையல் தொழில் செய்த அக்கா, துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம், "என் தங்கச்சி சொல்லித்தான் விலையைக் குறைச்சாங்க" என்று பெருமையடித்துக்கொண்டாள்.

ஒப்பந்தம் கிடைக்காத கம்பெனிகள் ஒவ்வொன்றாக அந்த மாத்திரை தயாரிப்பதை விட்டன. கிடைத்த கம்பெனியும், கட்டுப்படியாகவில்லை என்று ஒரு நாள் நிறுத்திக்கொண்டது. அந்தச் செய்தி மையத்துக்கு வந்தபோது, நிரந்தர விரிவுரையாளர் பதவிக்கு நேர்முகத் தேர்வு அறிவித்திருந்தார்கள். அவள் அதற்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். அக்காவிடம் கையிருப்பு இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கேட்கவில்லை.

அக்கா இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும்போது வலிப்பு வந்து, சூடான பெட்டியின் மேலேயே விழுந்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோயிற்று.

ஆஸ்பத்திரியில் அக்கா கேட்ட முதல் கேள்வி, "இன்டர்வியூவுக்குப் படிக்காம இங்க எதுக்குடி வந்தே?"

"மாத்திரை தீந்துபோச்சுன்னு ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா நீ என்ன, பையிலேருந்து எடுத்துக் குடுப்பியா?"

அத்தான் கட்டிலின் காலடியில் நின்றிருந்தார். "ஏறி இறங்காத கடையில்ல. எல்லாரும் கையை விரிக்கிறாங்க. வேற மாத்திரை குடுத்தாங்க, அதைப் போட்டா நாள் முழுக்கத் தூங்குறா. வலிப்பும் நிக்கல. உன் ஆபீஸ்ல யாருக்காச்சும் விவரம் தெரியுமாம்மா?"

"ஒரே கம்பெனிகிட்ட வாங்கச் சொன்னதே நான்தான் அத்தான்."

அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்காதான் பேசினாள்: "விலை குறையணும்னுதானே சொன்னே. விடு." அக்கா நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

நேர்முகத் தேர்வில் இயக்குநருக்குப் பக்கத்தில், வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பேராசிரியை உட்கார்ந்திருந்தார். திரையில் மாத்திரை விலையின் கோடு மேலிருந்து கீழே சரிந்து வந்து நின்றது. அடுத்த படத்துக்குப் போக வேண்டியவள் போகவில்லை.

"இந்தக் கோடு இதோட முடிஞ்சுபோச்சு. ஏன்னா இதுக்கப்புறம் மருந்தே இல்ல. இது நடக்கும்னு எனக்கு முன்னாடியே தெரியும். எழுதினேன், அப்புறம் எடுத்துட்டோம். மாத்திரை கிடைக்காதவங்க கீழ விழுந்துட்டிருக்காங்க."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேலை கை நழுவிப்போனது என்று அவள் நினைத்தாள். சொல்லிவிட்டதில் மனசு கொஞ்சம் லேசாகக்கூட ஆனது.

பேராசிரியையின் முகம் மலர்ந்தது. "நல்ல தலைப்பாச்சே. விலை குறைஞ்சதால வந்த தட்டுப்பாடு. இப்ப இதுக்குத்தான் நிதி குடுக்கறாங்க. நீங்களே எடுத்துச் செய்யலாமே?"

"நாங்களும் அந்த யோசனையிலதான் இருந்தோம்" என்றார் இயக்குநர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு.

"இப்ப மருந்து வர்றதுக்கு என்ன வழி மேடம்?" என்று அவள் கேட்டாள்.

"அது அமைச்சகத்தோட வேலை. நம்ம வேலை ஆய்வு" என்றார் பேராசிரியை அன்பாகவே.

பதவி அவளுக்குத்தான் கிடைத்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இத்தனை வருஷம் காத்திருந்தது அதற்குத்தானே.

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டிருந்தாள். கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"அக்கா, கிடைச்சிடுச்சு."

"மாத்திரையா?" அக்கா எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"இல்லக்கா. வேலை."

அக்காவின் முகம் ஒரு கணம் வாடி, உடனே மலர்ந்தது. "நல்லதுடி. இனிமே உன்னை யாரும் அசைக்க முடியாது. என்ன வேலை குடுத்திருக்காங்க?"

"மாத்திரை ஏன் கிடைக்காம போச்சுன்னு ஆராய்ச்சி பண்ணணும்."

"அதான் உனக்கே தெரியுமே" என்றாள் அக்கா. கேலியாகச் சொன்னாளா, புரியாமல் சொன்னாளா என்று தெரியவில்லை. புது மாத்திரையின் மயக்கத்தில் அவள் கண்கள் சொருகத் தொடங்கியிருந்தன. வாசலில் யாரோ தைக்கக் கொடுத்த துணியைத் திருப்பிக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அத்தான் எழுந்து போனார்.