மே மாதத்துக் காய்ச்சல்

சில்வியுடைய தாத்தாவின் அக்கா இம்பி பத்தொன்பது வயதில் ஸ்பானிஷ் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். சில்வியும் நாற்பது வயதுவரை அதை நம்பினாள். தேவாலயத்துக் கல்லறையில் இம்பியின் சிலுவையில் மே 1918 என்று பொறித்திருந்தது.

பின்லாந்தின் தாம்பெரே நகர நூலகத்தில் அந்த வருடத்துச் சரித்திரத்தைப் படித்தபோதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. உள்நாட்டுப் போரில் தொழிலாளர்களின் சிவப்புப் படை தோற்று, தாம்பெரே வீழ்ந்தது ஏப்ரலில். பிடிபட்டவர்களைப் பண்ணைக்காரர்கள் பக்கம் நின்ற வெள்ளைப் படை சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தது மே மாதத்தில். அந்தக் காய்ச்சல் பின்லாந்துக்குள் நுழைந்ததோ நடுக்கோடையில். நாட்டுக்கே வராத காய்ச்சல் இம்பியை மட்டும் எப்படிக் கொன்றது?

நேரே பெரியப்பா தவுனோவின் வீட்டுக்குக் காரை விட்டாள்.

"பெரியப்பா, உங்க அத்தை எப்படிச் செத்தாங்க? காய்ச்சல்னு மட்டும் சொல்லாதீங்க."

கிழவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பஞ்சாலையில வேலை பார்த்தவ. சிவப்புப் படைக்குச் சமைச்சுப் போட்டா. கால்சட்டை போட்டுக்கிட்டு அலைஞ்சாளாம். அது போதாதா அவங்களுக்கு? சரளைக் குழி ஓரமா நிக்க வெச்சுச் சுட்டுட்டாங்க."

"யாரு?"

"பண்ணைக்கார ஹெர்மன்னி. வெள்ளைப் படையில இருந்தவன்."

சில்வி நாற்காலியை விட்டு எழுந்தாள். "அந்தாள் பண்ணையிலதானே தாத்தா காலமெல்லாம் மாடா உழைச்சாரு? அவனைப் பார்த்தா தொப்பியைக் கழட்டுவாராமே?"

"வாயைத் திறந்தா அவன் நிலத்துல இருந்த குடிசை போயிடும்மா. அதான் காய்ச்சல்னு சொல்லிவெச்சாங்க. வேற எங்க போறது? அந்தச் சிலுவைக்குக் கீழே ஒண்ணுமே கிடையாது. இப்ப எதுக்கு இதெல்லாம்? விடும்மா."

அவள் விடவில்லை. குழியோரம் கல் நட அனுமதி கேட்டு ஊராட்சிக்குப் போனாள். தலைவர் சிரித்த முகத்தோடு, "ஆறிப்போன புண்ணை ஏன் கிளறணும்?" என்றார்.

"ஆறிடுச்சுன்னு நீங்க எப்படிச் சொல்லலாம்? அடிபட்டது எங்க வீடு. வெள்ளைப் படைக்காரங்களுக்கு மட்டும் தேவாலய வாசல்லயே நினைவுத் தூண் நிக்குதே, அது யாரைக் கேட்டு வெச்சீங்க?"

அனுமதி கிடைக்கவில்லை. அடுத்த மே மாதம் டிராக்டரில் கல்லை ஏற்றிப் போய் அவளே நட்டாள். 'இம்பி. இங்கே சுட்டுக் கொல்லப்பட்டாள்.'

வரமாட்டேன் என்றிருந்த பெரியப்பா கடைசியில் வந்து சேர்ந்தார். கல்லை வெகுநேரம் படித்தார். முகம் கறுத்துவிட்டது.

"சுட்டவன் பேரு எங்க?"

"அவன் பேரன் இன்னும் ஊர்ல இருக்கானே பெரியப்பா. நீங்கதான் சங்கடப்படுவீங்கன்னு..."

"நூறு வருஷமா நாமதான் சங்கடப்பட்டோம். அவன் பேரையும் கல்லுல வெட்டச் சொல்லு."

சில்வி கல் செதுக்குபவனுக்குப் போன் போட்டாள்.