நூற்று அறுபத்து மூன்றாவது வரிசை

எங்கள் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் என் வேலை, எக்செல் அட்டவணையில் உள்ள முடிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து வேர்டில் கடிதமாக்குவது. ஒரு தடவைக்கு இருநூறு முடிவுகள் வரும். ஒரு நாளைக்கு எண்பதுக்கு மேல் என் விரல் ஓடாது. தண்ணீர் மாதிரிகள் வந்த வரிசைப்படிதான் அடிக்க வேண்டும் என்பது விதி. தண்ணீர் கெட்டதா நல்லதா என்பது நான் அந்த வரிசைக்குப் போய்ச் சேரும்போதுதான் வெளியே தெரியும்.

போன வருடம் ஒரு மழலையர் பள்ளியின் தண்ணீரில் கிருமி இருந்தது. அந்தக் கடிதத்தை மூன்றாம் நாள்தான் அடித்தேன். அதற்குள் அங்கே படிக்கும் என் அக்கா மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைத்துக்கொண்டாள், நல்லவேளை. "ஏன்டி இவ்வளவு லேட்டு?" என்று அக்கா கேட்டாள்.

"நூத்தி அறுபத்து மூணாவது வரிசை, அக்கா" என்றேன்.

அதற்குப் பிறகு அக்கா என்னிடம் பேசவில்லை. நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை.

அந்த வாரமே பைத்தான் என்ற கணினி மொழியைப் படிக்க உட்கார்ந்தேன். காம் என்று ஒரு வழி இருக்கிறது. அதன் மூலம் பைத்தானிலிருந்தே எக்செலுக்கும் வேர்டுக்கும் உத்தரவு போடலாம். நான் எழுதிய நிரல் கெட்ட முடிவுகளைப் பொறுக்கியெடுத்து அவற்றுக்கு முதலில் கடிதம் தயாரிக்கும். மாதக்கணக்கில் நச்சரித்த பிறகு மேலாளர் ஒரே ஒரு நாள் கொடுத்தார். "பன்னண்டு மணிக்குள்ள இருநூறும் வரணும். இல்லைன்னா பழையபடி கையாலயே அடிங்க."

அந்த நாள் ஒன்பதரைக்கு நிரலை ஓட்டினேன். அசையவில்லை. தப்பு என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. மணி பத்தாயிற்று. கடிதங்களில் கையெழுத்துப் போடும் வேதியியலாளர் எதிர் மேசையில் டீ உறிஞ்சிக்கொண்டிருந்தார். முத்திரை குத்தாமல் ஒரு தாளையும் வெளியே விடமாட்டார் என்பதால் அவருக்கு 'முத்திரை' என்றே பெயர். "கம்ப்யூட்டருக்கு இன்னிக்கு லீவு போல" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பத்தே காலுக்குத்தான் உறைத்தது. வேகமாக ஓடட்டும் என்று, வேர்டின் ஜன்னல் திரையில் தெரிய வேண்டாம் என நானேதான் எழுதியிருந்தேன். மாட்டிக்கொண்டிருந்த வேர்டை நிறுத்தினேன். அந்த ஒரு வரியை மாற்றி மறுபடி ஓட்டினேன். வேர்டு திரைக்கு வந்தது, நடுவில் ஒரு சின்னப் பெட்டியோடு. கடிதத்தின் அச்சுப்படிவத்தை வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார், என்ன செய்யட்டும் என்று கேட்டது. முக்கால் மணி நேரமாக யாருக்கும் தெரியாத ஜன்னலில் இதையே கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறது, பாவம்.

"சார், லெட்டர் படிவத்தைத் திறந்து வச்சிருக்கீங்களா?"

"ஆமா. கையெழுத்துக்குக் கீழ என் பட்டத்தைக் கொஞ்சம் பெரிசு பண்ணலாம்னு…"

"மூடுங்க சார்."

என் குரலைக் கேட்டு உடனே மூடினார். இனி படிவத்தைப் படிக்க மட்டும் திற, எதையும் கேட்டுக்கொண்டு நிற்காதே என்று நிரலில் சேர்த்து ஓட்டினேன்.

முதல் கடிதம் வந்தது. ஒரு தொடக்கப் பள்ளி, தண்ணீரில் அதே கிருமி. முத்திரை அதை வாங்கிப் படித்தார். டீயைக் கீழே வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "நீ போனைப் போடும்மா. முத்திரையை அப்புறம் குத்திக்கலாம்."

தலைமையாசிரியை முழுதாகக் கேட்டுக்கொண்டார். "மொத இடைவேளைக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. மணி அடிச்சா பிள்ளைங்க குழாய்க்குத்தான் ஓடும்" என்றவர், போனை வைக்காமலே யாரையோ கூப்பிட்டுக் குழாயை அடைக்கச் சொன்னார். போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பதினொன்றரைக்கு இருநூறும் முடிந்தன. மேலாளர் கடிதக் கட்டைப் புரட்டிப் பார்த்து, "நாளைக்கும் இப்படியே ஓட்டுங்க" என்றார்.

வெளியே வந்து அக்காவுக்குப் போன் போட்டேன். எடுத்தாள், ஆனால் பேசவில்லை. நானே சொன்னேன்.

"அக்கா, இன்னிக்கு ஒரு ஸ்கூல்ல தண்ணி சரியில்லை. பிள்ளைங்க குடிக்கிறதுக்குள்ள குழாயை மூட வச்சிட்டோம்."

அக்கா ஒன்றுதான் கேட்டாள், "எத்தனாவது வரிசை?"

"நூத்தி எழுபத்தொன்பது."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சாயங்காலம் வீட்டுக்கு வா" என்றாள். "சித்தி எப்ப வருவான்னு இவ கேட்டுக்கிட்டே இருக்கா."